நாற்பத்தெட்டு குதிரை

வழுக்குப்பாறை ஏற்றத்தில் ஜீப் ஏறும்போது முருகேஸ்வரி மூச்சு விடமாட்டாள். வேண்டுமென்று செய்வதில்லை, பழகிப்போயிற்று. பின்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று, இடக்கையால் கம்பியைப் பிடித்து, வலக்கையில் கட்டையைத் தொங்கவிட்டபடி, என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வருவாள்.

தாண்டிக்குடியிலிருந்து மூங்கில்பள்ளத்துக்குப் போகிற மண்ரோட்டில் ஓடும் ஜீப்புகள் எல்லாவற்றிலும் பின்னால் கட்டையோடு ஒரு ஆள் உண்டு. ஏற்றத்தில் என்ஜின் திணறி நின்றால், வண்டி பின்னால் உருளுவதற்குள் குதித்து, ஆப்பு மாதிரிச் செதுக்கிய அந்தக் கட்டையைப் பின்சக்கரத்துக்கு அண்டக்கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு "போட்டாச்சு" என்று கத்த வேண்டும். அது காதில் விழும்வரை டிரைவருக்கு உயிர் அவன் கையில் இல்லை. மற்ற ஜீப்புகளில் வாலிபப் பயல்கள் இந்த வேலையைச் செய்தார்கள். குழந்தைவேல் ஜீப்பில் அவன் பெண்டாட்டி செய்தாள். முன்பு இருந்தவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்கிறவரைக்கும் என்று ஏறியவள், நாலைந்து மழைக்காலம் போயும் இறங்கவில்லை.

அவளுக்குத் தைரியசாலி என்று ஊரில் பேர். அந்தப் பேரைக் கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். பயந்தவளைத்தான் அந்தப் படியில் நிறுத்த வேண்டும். பயமில்லாதவன் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருவான், சத்தம் இறங்குவது அவனுக்குத் தெரியாது.

போன கோடையில் ஜீப்பின் பழைய என்ஜின் போய்ச் சேர்ந்தது. குழந்தைவேல் மதுரையில் ஒரு பழைய சரக்கு வண்டியின் என்ஜினைப் பிடித்துவந்து, அதன் கியர்பாக்ஸோடு சேர்த்து மாட்டினான். பழைய கியர் ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும், ஆனால் போய்விடும். புதிதாக வந்தது சமவெளி ரோட்டுக்கான வேகக் கியர். என்ஜினில் சத்து இருந்தால்தான் அது மலை ஏறும். "வேணாம்ணே" என்று சொல்லாத டிரைவர் தாண்டிக்குடி ஸ்டாண்டில் பாக்கியில்லை. குழந்தைவேலுக்குத் தன் பேச்சு அம்பலத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான். என்ஜினுக்கு எத்தனை குதிரைச் சக்தி என்று அளந்து காட்டிவிட்டால் எல்லார் வாயும் அடைக்கும் என்று திண்டுக்கல் பைபாஸில் ஒரு ஷெட்டைக் கண்டுபிடித்தான்.

ஷெட் ஆக்னல் என்கிற பையனுடையது. கார் வைத்திருக்கிற காலேஜ் பிள்ளைகள் வந்து குவியும் இடம். தரையில் இரண்டு இரும்பு உருளை பதித்திருந்தது. பின்சக்கரங்களை அதன் மேல் ஏற்றி, ஜீப்பை முன்னும் பின்னும் பெல்ட் போட்டுக் கட்டினான். முருகேஸ்வரி பழக்கதோஷத்தில் கட்டையோடு இறங்கிப் பின்னால் நின்றாள்.

"அத கீழ வைங்கக்கா. இங்க ஏத்தமே இல்ல" என்றான் ஆக்னல்.

குழந்தைவேலுக்கு ஒரு சந்தேகம். "என்ஜினத் தொடவே இல்லையே தம்பி. சக்கரத்த வச்சு என்ஜின எப்பிடிச் சொல்லுவீக?"

"என்ஜின மட்டும் கழட்டி அளக்க நம்மகிட்ட வசதியில்லண்ணே. வீலு இந்த உருளைய எப்பிடிச் சுத்துதுன்னு பாத்து, வீலுக்கு வந்து சேர்ற பவர மிஷினு சொல்லிரும். என்ஜின்ல கெளம்புறது முழுசா வந்து சேராது. கியர்பாக்ஸு, ஷாஃப்டு, பின் அச்சுல இருக்குற கிரவுன் பல்லு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்னுரும். பழைய வண்டியில நூறு கெளம்புனா எழுபத்தஞ்சுதான் ரோட்டுக்கு வரும்னு உத்தேசமா வச்சுக்கிருவோம்."

"கால்வாசியவா தின்னுரும்?"

"ஒங்க கிரவுன் போடுற சத்தத்துக்கு அதுக்கு மேலயும் தின்னும்ணே."

பேசிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். முருகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "என்ன தம்பி போடுறீக?"

"அந்தக் கால்வாசியத்தாங்க்கா."

சக்கரம் சுற்றத் தொடங்கியது. என்ஜின் அலறியது. அத்தனை வேகத்தில் சக்கரம் ஓட, ஜீப் நின்ற இடத்தில் நின்றதைப் பார்த்து அவள் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் திரையில் ஒரு கோடு மேலே ஏறிக் கீழே விழுந்தது. "அறுபத்தி நாலு காட்டுதுண்ணே. பழைய என்ஜினுக்குப் பரவால்ல" என்று சொல்லிவிட்டு ஆக்னல் அடுத்த காருக்குப் போய்விட்டான்.

குழந்தைவேல் பட்டிவீரன்பட்டி தாண்டும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். டீக்கடையில் நிறுத்திப் போனில் கணக்குப் போட்டான்.

"வீல்ல எழுபத்தஞ்சு வந்தா என்ஜின்ல நூறு. அப்ப வீல்ல அறுபத்தி நாலு வந்தா? எம்பத்தஞ்சு, முருகேசு. எம்பத்தஞ்சு குதிரை. பழச விட எம்புட்டோ கூட."

கணக்கில் பிழை இல்லை. யார் போட்டாலும் அதுதான் வரும். ஆனால் திரையில் காட்டிய அறுபத்தி நாலு எதன் கணக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் குறைந்துவிடுமோ என்று பயந்தானோ என்னவோ.

மறுநாள் வெள்ளனே ஸ்டாண்டில் எண்பத்தஞ்சு என்று அறிவித்தான். டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் எழுந்துவந்து பானட்டைத் திறந்து பார்த்தான். அன்றைக்கு குழந்தைவேல் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் முருகேஸ்வரியின் வேங்கைக் கட்டையை எடுத்துக் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். "இனிமே நீ உள்ள ஒக்காந்து வா. கட்டையும் மட்டையும் எதுக்கு" என்றான். ஒரு மூட்டை ஏறிய இடத்தில் இரண்டு மூட்டை ஏறியது. உரம், சிமெண்டு, மலைவாழைத் தார் என்று வந்ததையெல்லாம் ஏற்றினான்.

உள்ளே உட்கார்ந்து வந்தும் அவளால் மூச்சுவிட முடியவில்லை. வழுக்குப்பாறை வளைவில் என்ஜின் குரல் கீழே இறங்கி, அழுவதா வேண்டாமா என்று யோசித்து, பிறகு எப்படியோ மேலே ஏறும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. ஒருநாள் ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எம்பத்தஞ்சு இருந்தா இப்பிடித் திணறுமா?"

"திணறல. கியர் மாத்துறப்ப வார சத்தம் அது."

"ஒங்க காலுக்குத் தெரியலையா?"

"ஒனக்கு என்ன தெரியும். சாப்புட விடு" என்று தட்டை இழுத்துக்கொண்டான். அந்த ஒரு கேள்விக்கு அவனுக்கு அத்தனை கோபம் வந்தது அவளை இன்னும் பயப்படுத்தியது.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் மகள் சௌம்யாவைக் கூட்டிவர வேண்டியிருந்தது. அவளுக்கு வத்தலக்குண்டில் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று மாமியார் வீட்டிலேயே இருந்தவள், முப்பது நாள் கழித்துத் தாய் வீட்டுக்கு வருகிறாள். மாப்பிள்ளை ஜெயமுருகனும் அவன் தாய் கந்தம்மாளும் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு. முருகேஸ்வரி பூண்டியிலிருந்து மலைப்பூண்டு வாங்கி உரித்து வைத்தாள். பால்சுறாக் கருவாடு வாங்கி வைத்தாள். பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் அடுப்படியில் இருந்தது. கிளம்பும்போது கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்த வேங்கைக் கட்டையை எடுக்கக் குனிந்தாள்.

"அத வையி" என்றான் குழந்தைவேல். "சம்பந்தியம்மா ஏறுற வண்டியில கட்டையோட நின்னா என்ன நெனைப்பாக? புது என்ஜின்னு சொல்லி வச்சிருக்கேன்."

வைத்துவிட்டாள். ஆனால் எஸ்டேட் ஓரம் வெட்டிப் போட்டிருந்த சில்வர் ஓக் துண்டு ஒன்று, சரிந்த வாக்கில் வெட்டுப்பட்டது, கண்ணில் பட்டது. கையிலிருந்த துணிப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மெத்து மரம்தான். வெறுங்கையோடு ஏற அவளுக்கு மனசு வரவில்லை.

வத்தலக்குண்டில் ஏற்றியதற்கு அளவில்லை. தொட்டில், கட்டில், சம்பந்தி வீட்டுச் சீராக ஒரு இரும்பு பீரோ. போதாததற்கு ஊர்க்காரர்கள் சொல்லிவிட்ட உர மூட்டைகள். நாளைக்கு மழை வலுத்தால் ரோடு அறுந்துவிடும், எல்லாம் இன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்றான் குழந்தைவேல். "எம்பத்தஞ்சு குதிரை மாப்ள. மெஷின்ல போட்டு அளந்தது" என்று ஜெயமுருகனிடம் சொல்லிக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டினான்.

தாண்டிக்குடி வருவதற்குள் மழை விட்டு மேகம் இறங்கியிருந்தது. டீ குடிக்க நிறுத்தினார்கள். அதற்கு மேல் போனில் டவர் கிடையாது. முருகேஸ்வரி முன்கண்ணாடிக்கு மேல் செருகியிருந்த ஆக்னலின் கார்டை எடுத்து மகளிடம் கொடுத்து நம்பரைப் போடச் சொன்னாள். போனை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனாள்.

"தம்பி, மலை ஜீப்பு. கட்டையோட வந்தேன்ல, அந்த அக்கா."

"சொல்லுங்கக்கா."

"நீங்க அன்னைக்குக் காட்டுன அறுபத்தி நாலு, சக்கரத்துல வந்ததா, என்ஜின்ல இருக்குறதா?"

"என்ஜின்லக்கா. கால்வாசி போயிரும்னு மொதல்லயே மிஷின்ல போட்டுட்டுத்தான ஓட்டுனேன். நீங்ககூட எட்டிப் பாத்தீங்களே. அதையும் சேத்துத்தான் அறுபத்தி நாலு."

"அப்ப சக்கரத்துக்கு வாரது?"

"நாப்பத்தெட்டுக்கா. உத்தேசம்லாம் இல்ல, அது அளந்தது. என்ஜின் கணக்குதான் உத்தேசம். ஏங்க்கா, என்ன ஆச்சு?"

ஒன்றுமில்லை என்று வைத்தாள். குழந்தைவேலைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கால்வாசிய அந்தத் தம்பி அங்கயே கூட்டிருச்சாம். நீங்க வழியில திரும்பக் கூட்டிட்டீக. சக்கரத்துக்கு வாரது நாப்பத்தெட்டாம். பீரோவையும் மூட்டையையும் எறக்கிருவோம். கடையில போட்டுட்டு நாளைக்கு எடுத்துக்கிறலாம்."

அவன் முகம் ஒரு நொடி காலியாகிப் போயிற்று. பிறகு பழையபடி இறுகியது. "சின்னப்பய, ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். மாப்ள வீட்டுச் சீரை நடுரோட்டுல எறக்கி வைக்கவா? வேற சோலியில்ல ஒனக்கு?"

"பச்சப்புள்ள இருக்குங்க வண்டியில."

"எனக்கும் அது பேத்திதான்" என்று சொல்லி ஏறிக்கொண்டான்.

வழுக்குப்பாறை ஏற்றத்தின் அடியில் முருகேஸ்வரி ஜீப்பைத் தட்டி நிறுத்தினாள். கந்தம்மாளைப் பார்த்துச் சிரித்த முகமாகச் சொன்னாள். "மதினி, இந்த ஏத்தத்துல குலுக்கல் சாஸ்தி. புள்ளைக்கு ஆகாது. காபிக் காட்டு வழியா ஒத்தையடிப் பாதை இருக்கு, மேல போயி ஏறிக்கிருவோம், எறங்குங்க. மாப்ள, நீங்க குடையப் பிடிங்க." அவர்கள் மூன்று பேரும் குழந்தையோடு இறங்கி மேகத்துக்குள் போனார்கள். சௌம்யா திரும்பித் தாயைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீயும் போக வேண்டியதுதான" என்றான் குழந்தைவேல்.

முருகேஸ்வரி பின்படியில் ஏறி நின்றாள். பைக்குள்ளிருந்து கட்டையை எடுத்தாள்.

ஜீப் நன்றாகத்தான் கிளம்பியது. முதல் வளைவு தாண்டியது. பாறை நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டாம் வளைவில், இடப்பக்கம் பள்ளம் தொடங்குகிற இடத்தில், என்ஜின் குரல் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் குதித்தாள். சத்தம் அறுந்தது. ஜீப் ஒரு சாண் பின்னால் வந்து அவள் செருகிய கட்டையில் ஏறி உட்கார்ந்தது.

"போட்டாச்சு" என்று கத்தினாள்.

என்ஜின் நின்றுவிட்டால் அந்த ஜீப்பின் பிரேக்கும் பாதி செத்த மாதிரிதான். மிதி கல்லாக இறுகிவிடும், உடம்புப் பாரம் முழுவதையும் காலில் கொடுத்து அழுத்த வேண்டும். கைப்பிரேக் இருப்பது பேருக்கு. திரும்பக் கிளப்பலாம் என்றால் கிளட்சை மிதித்த மறுநொடி கியரின் பிடி விட்டு வண்டியின் மொத்தப் பாரமும் கட்டைக்கு வரும்.

கட்டையிலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. முருகேஸ்வரி குனிந்து பார்த்தாள். சில்வர் ஓக் நீளவாக்கில் பிளந்திருந்தது. விரிசலுக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கல்கூட இல்லை, மழை எல்லாவற்றையும் பள்ளத்துக்கு அடித்துப் போயிருந்தது. அவள் சேற்றில் உட்கார்ந்து, இரண்டு பாதியும் விலகாதபடி குதிகாலால் பக்கவாட்டில் முட்டுக் கொடுத்து அழுத்தினாள்.

"கட்டை நிக்குதா?" முன்னாலிருந்து கேட்டான்.

"நிக்கிது."

"எந்தக் கட்டை? வேங்கைய வீட்டுல வச்சிட்டு வந்தோமே."

"வேற ஒண்ணு. நல்லா நிக்கிது. நீங்க பிரேக்க விட்டுறாதீக."

"நீ எங்க நிக்கிற?"

"இங்கதான், பக்கவாட்டுல."

"தள்ளி நில்லு. முருகேசு, கேக்குதா? போட்டுட்டேல்ல, தள்ளிப் போயிரு."

"போயிட்டேன்" என்றாள். மேகம் ஜீப்பின் முன்பாதியை மறைத்திருந்தது. அவன் பார்க்க முடியாது.

காபிச் செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. விரிசல் ஒரு மயிரிழை அகலமானதை அவள் குதிகால் உணர்ந்தது. பேசாமல் இருந்தால் அழுதுவிடுவோம் என்று பட்டது.

"பூண்டு உரிச்சு வச்சிருக்கேன். போனதும் கொழம்பு வைக்கணும். கருவாட்ட இன்னைக்கே போடவா, நாளைக்குப் போடவா?"

"இப்ப அதாடி பேச்சு?"

"சொல்லுங்க."

"நாளைக்கு வையி." என்றான். "இன்னைக்குச் சம்பந்தியம்மாவுக்குக் கவிச்சி ஆகுமோ என்னமோ."

"புள்ளைக்கு என்ன பேரு வைக்கப் போறாகளாம்?"

"மாப்ள என்னமோ சொன்னாப்ல. வாயில நொழையல." பிறகு சொன்னான். "முருகேசு, எனக்குத் தெரியும்."

"என்னது?"

"எம்பத்தஞ்சு இல்லன்னு. அன்னைக்கு திண்டுக்கல்லுல இருந்து வந்தப்பயே, இதே எடத்துல காலுக்குத் தெரிஞ்சிருச்சு. ஆக்ஸிலேட்டர முழுசா அமுக்குறேன், அடியில ஒண்ணுமில்ல. ஆனா மறுநா ஸ்டாண்டுல சொன்னப்ப எல்லாவனும் திரும்பிப் பாத்தான். எத்தன வருசம் அங்கன நின்னுருக்கேன், ஒருத்தன் பாத்ததில்ல. அதுக்கப்பறம் எப்பிடிக் கொறைக்கிறது?"

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தாள். கட்டை கிர்ரென்று முனகியது. அவள் எரிச்சலை விழுங்கினாள்.

"அத வீட்டுல பேசிக்கிருவோம். மாப்ளையக் கூப்புடுங்க, சத்தமா."

"மாப்ளே" என்று கத்தினான். குரல் மேகத்துக்குள் போய்த் திரும்பி வரவில்லை. இன்னொரு தடவை கத்தினான். கத்தும்போது கால் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். ஜீப் ஒரு விரற்கடை இறங்கியது. முருகேஸ்வரியின் குதிகாலுக்குக் கீழே மரம் நசுங்கியது. கத்தாமலிருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். சக்கரம் அவள் கணுக்காலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது, ரப்பர் வாசனை வந்தது. காலை உருவிக்கொண்டு ஓடலாம். ஓடினால் ஜீப் அவனோடு போகும். முருகா, முருகா என்று வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் நினைவில்லை.

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. என்ஜின் நின்றதைக் கேட்டு சௌம்யாதான் புருஷனை விரட்டியிருக்கிறாள். ஜெயமுருகன் பெரிய பாறாங்கல் ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வழுக்கி வழுக்கி வந்தான். பின்னாலேயே கந்தம்மாள், கண்டாங்கியை ஏற்றிச் செருகி, தலைச்சுமையாக ஒரு கல்லோடு வந்தாள்.

"எங்க வைக்கணும் அத்தை?" என்று கேட்டவன் அவள் காலைப் பார்த்தான். வாய் திறக்கப்போனான். முருகேஸ்வரி தலையை ஆட்டி, பேசாதே என்று கண்ணால் காட்டினாள். அடுத்த சக்கரத்தையும் இந்தச் சக்கரத்தையும் சுட்டினாள். கல் இரண்டும் விழுந்தபிறகுதான் காலை உருவினாள்.

பிறகு நடந்ததெல்லாம் வேலை. ஜெயமுருகன் இன்னும் நாலு கல் கொண்டுவந்து அண்டக்கொடுத்தான். பீரோவை இறக்கினார்கள், மூட்டைகளை இறக்கிப் பாறையோரம் தார்ப்பாயால் மூடினார்கள். கந்தம்மாள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "சீரு எங்க போயிருதுண்ணே, நாளைக்குத் தூக்கிக்கிட்டாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள். பாரம் இறங்கிய ஜீப் ஒரே மூச்சில் ஏறிப் போயிற்று. சத்தம் ஒரு இடத்திலும் இறங்கவில்லை.

முருகேஸ்வரி ஏறவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நொண்டி நொண்டி நடந்தாள். மேலே ஜீப்பை நிறுத்திவிட்டு குழந்தைவேல் இறங்கி வந்தான். அவள் கையிலிருந்த கட்டையை வாங்கினான். வாங்கியதும் அது இரண்டாக வந்தது. ஒரு பாதி அவன் கையில், ஒரு பாதி அவள் கையில். அவன் அவள் காலைப் பார்த்தான். குதிகாலில் மரத்தின் கோடு ரத்தமாகப் பதிந்திருந்தது.

"எப்பப் பொளந்துச்சு?"

"போட்ட ஒடனேயே."

"தள்ளிப் போயிட்டேன்னு சொன்னியே."

அவள் தன் கையிலிருந்த பாதியைக் கீழே போட்டாள்.

"ஏன் முருகேசு எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒங்க காலு நடுங்கியிருக்கும்."

குழந்தைவேல் ஈர ரோட்டில் அப்படியே உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்த கால் முழங்காலிலிருந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தான், நிற்கவில்லை.

"அப்பவே நடுங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றான்.